‘லிமிட்டெட் எடிஷன்’ கேம் வினைல்னு பார்த்ததும் காசை அனுப்பிடாதீங்க, நான் அனுப்பிட்டு முழிக்கிறேன்

நான் ஒண்ணும் நேத்து ரெக்கார்ட் வாங்க ஆரம்பிச்ச ஆளு கிடையாது. வீடியோ கேம் பாட்டுங்களோட வினைல் (இசைத்தட்டு) மட்டுமே ஒரு ஷெல்ஃப் நிறைய வெச்சிருக்கேன், நாலு பேருக்கு "இதைப் பாத்து வாங்கு, அதை வாங்காத"ன்னு புத்தி சொல்லியிருக்கேன். அப்படிப்பட்ட நானே போய் விழுந்தேன்னு நெனைக்கும்போதுதான் கடுப்பு இன்னும் ஏறுது.

சின்ன வயசுல உசுரா விளையாடின ஒரு மெகா டிரைவ் (சேகாவோட பழைய கேம் மெஷின்) கேம். அதோட மொத்த பாட்டும் டபுள் எல்பியா, அதாவது ரெண்டு தட்டா வந்திருக்குன்னு ஒரு விற்பனைப் பதிவு ராத்திரி ஒரு மணிக்கு கண்ணுல பட்டுச்சு. 300 காப்பிதான், கையால நம்பர் போட்டது, மறுபடி அடிக்கவே மாட்டோம், ஸ்பிளாட்டர் கலர் (சாயம் தெறிச்ச மாதிரி தட்டு), கேட்ஃபோல்ட் ஸ்லீவ் (புத்தகம் மாதிரி விரியிற அட்டை உறை). கேம் பேரை வேணும்னேதான் சொல்லல. சொன்னா அந்தப் பதிவைத் தேடிப் போய் இன்னும் பத்து பேரு வாங்குவீங்க, உங்களைப் பத்தி எனக்குத் தெரியும், நானும் அந்தக் கூட்டம்தானே.

பக்கத்துல "இன்னும் 12தான் பாக்கி"ன்னு போட்டிருந்துச்சு, நான் பாத்துட்டு இருக்கும்போதே அது 9 ஆச்சு. விற்கிறவன்கிட்ட மெசேஜ் போட்டேன், உடனே பதில், ரொம்ப மரியாதையா, "கமிஷன் மிச்சமாகும், பேபால்ல ஃபிரண்ட்ஸ் அண்ட் ஃபேமிலின்னு அனுப்பிடுங்க, உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெக்கிறேன்"னான். அந்த முறையில அனுப்பினா வாங்குறவனுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினேன். அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாதும்பாங்க, எனக்கு அன்னைக்கு பாக்கெட்டுக்குள்ள மட்டும் நல்லா போச்சு.

ஏன் இப்படி புத்தி கெட்டுச்சுன்னா, அதுக்கு இந்தப் பைத்தியம் என்னன்னு கொஞ்சம் சொல்லணும். "இதே பாட்டு போன்ல சும்மாவே கேக்குதே, எதுக்கு இவ்ளோ பெரிய தட்டு"ன்னு எல்லாரும் கேப்பாங்க. நியாயமான கேள்விதான். சத்தம் நல்லா இருக்கும்னு சொல்லி நான் யாரையும் ஏமாத்த மாட்டேன், அந்தக் கால கேம் பாட்டு எல்லாம் ஒரு சிப்பு போடுற சத்தம், அதை வினைல்ல ஏத்துறதால புதுசா எதுவும் ஊறி வந்துடாது. ஆனா கேம்ங்கிறது காணாமப் போற பொருள். நின்டெண்டோவோட கேம் மெஷின் 3டிஎஸ், வீ யூ ரெண்டோட ஆன்லைன் கடையையும் 2023 மார்ச்ல மூடுனாங்க, எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலைல மூடுனாங்க, கேட்ரிட்ஜ் உள்ள இருக்கிற பேட்டரி செத்தா சேவ் பண்ணது போச்சு. அந்த உலகத்துல இருந்து கையில புடிக்கிற மாதிரி ஒண்ணு மிஞ்சுதுன்னா அது இந்தப் பன்னண்டு இன்ச் தட்டுதான்.

அப்புறம் பேரு. அந்தக் காலத்துல ஜப்பான் கம்பெனிகள் பல தன்கிட்ட இருந்த இசையமைப்பாளர்களோட நெஜப் பேரைக்கூட போட விடல, வேற கம்பெனிக்காரன் கொத்திக்கிட்டு போயிடுவான்னு பயம், கிரெடிட்ஸ்ல என்னென்னமோ புனைபேரா ஓடும். யூசோ கொஷிரோ மாதிரி டைட்டில் ஸ்க்ரீன்லயே பேரு வந்தவங்க ரொம்பக் கம்மி. இன்னைக்கு ஒரு ஸ்லீவ் பின்னாடி அவங்க பேரு முழுசா அச்சடிச்சிருக்கிறதைப் பாக்கும்போது ஒரு திருப்தி. இன்னொண்ணு, இது எனக்கு மட்டும் தோணுதா தெரியல, கேம்ல அந்தப் பாட்டு முடியவே முடியாது, நாம அந்த லெவலை முடிக்கிற வரைக்கும் சுத்திக்கிட்டே கெடக்கும். தட்டுல அதுக்கு ஒரு முடிவு இருக்கு. இருபது நிமிஷத்துல ஊசி உள்வட்டத்துக்கு வந்து நிக்கும், எந்திரிச்சுப் போய் திருப்பிப் போடணும், அப்பதான் அது பாட்டுன்னே உறைக்கும்.

இதெல்லாம் புது மோகமும் இல்ல, 1984லயே ஜப்பான் இசைக்கலைஞர் ஹருவோமி ஹோசோனோ, நாம்கோ கம்பெனி கேம் பாட்டுங்களை வெச்சு ஒரு ஆல்பமே போட்டாரு. ஆனா இப்ப இருக்கிற அலை 2015 வாக்குல கெளம்புனது, லண்டன்ல டேட்டா டிஸ்க்ஸ்ங்கிற லேபிள் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் கேம் பாட்டோட ஆரம்பிச்சது அந்த வருஷம்தான், மைன்கிராஃப்ட்டோட மொத ஆல்பம் கோஸ்ட்லிங்கிற லேபிள் மூலமா வினைல்ல வந்ததும் அதே வருஷம்தான். கூட்டம் சேந்தா ஜேப்படியும் சேரும்ல.

சரி, பார்சலுக்கு வரேன். ஆறு வாரம் கழிச்சு வந்துச்சு. பிரிச்சா உள்ள ஒரே ஒரு தட்டு. டபுள் எல்பின்னு சொன்னது? ஸ்பிளாட்டர் கலர்னு சொன்னது? தட்டு கரி கருப்பு. கேட்ஃபோல்ட்னு சொன்னது சாதா ஸ்லீவ், முன்பக்கப் படம் யாரோ பழைய டப்பாவை ஸ்கேன் பண்ணி ஊதிப் பெருசாக்கினது, கிட்ட வெச்சுப் பாத்தா எழுத்தோட ஓரமெல்லாம் பொரிஞ்சு போய் நிக்குது, மூலையில அந்தப் பழைய டப்பாவுல இருந்த மடிப்புக் கோடுகூட அச்சாயிருக்கு! ஒரிஜினல் ஆளுங்க யாராவது மடிப்பையும் சேத்து அச்சடிப்பானா? ஆனா பின்பக்கம் பளபளன்னு ஒரு ஸ்டிக்கர், அதுல பேனாவால 47/300.

அப்பகூட மனசு ஒத்துக்கல பாருங்க, பாட்டு நல்லா இருந்தா போதும்னு போட்டேன். மொதப் பாட்டே என்னமோ மாதிரி இருந்துச்சு. தப்புன்னு சொல்ல முடியல, ஆனா ஆளு தூக்கக் கலக்கத்துல நடக்குற மாதிரி நடை. டர்ன்டேபிள் ஸ்பீடு கொறஞ்சிருச்சோன்னு பாத்தேன், ஸ்பீடு சரியான்னு காட்டுற ஸ்ட்ரோப் புள்ளியெல்லாம் அசையாம நிக்குது, வேற ரெக்கார்ட் போட்டா கரெக்டா ஓடுது. அப்பதான் உறைச்சுது, பாட்டு மெதுவா இருக்கே தவிர சுருதி இறங்கல. தட்டு மெதுவா சுத்தினா ரெண்டும் சேந்துதானே இறங்கும், இந்த அளவு மெதுவுன்னா கீபோர்டுல கருப்பு வெள்ளை எல்லாம் சேத்து எண்ணினா மூணு கட்டை கீழ போயிருக்கணும். இங்க சுருதி அப்படியே இருக்கு, தாளம் மட்டும் ஆறுல ஒரு பங்கு தளந்து போயிருக்கு.

மெகா டிரைவ் பத்தி தெரிஞ்சவங்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். ஐரோப்பாவுல வித்த மெஷின் 50 ஹெர்ட்ஸ், ஜப்பான் அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ். நெறைய கேம்ல பாட்டோட தாளம் திரையோட இந்த துடிப்பை நம்பித்தான் ஓடும், அதனால சரியா மாத்தி அமைக்காம விட்டுட்டா 50 ஹெர்ட்ஸ் மெஷின்ல பாட்டு அப்படியே இழுத்துக்கிட்டு போகும். அதாவது இந்த மகானுபாவன் யாரோ ஐரோப்பிய மெஷின்ல விளையாடி இணையத்துல ஏத்தின வீடியோவுல இருந்து சத்தத்தை உருவி தட்டுல ஏத்தியிருக்கான். அசல் மாஸ்டர் பதிவும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல.

இது என் யூகம்தான்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன், ரெண்டாவது பாட்டு வர்ற வரைக்கும். நடுவுல டிங்குனு ஒரு சத்தம், அதே நேரத்துல பேஸ் நோட்டு ஒண்ணு காணோம். அந்த சத்தம் எனக்கு தூக்கத்துல கேட்டாலும் தெரியும், அது அந்த கேம்ல சாவி எடுக்கிற சத்தம்! அந்த மெஷின்ல ஒரே நேரத்துல சத்தம் போட இருக்கிறதே எஃப்எம் சிப்புல (ரேடியோ இல்ல, சத்தம் உண்டாக்குற ஒரு முறை) 6 சேனல், கூட ஒரு பழைய சிப்புல 4, அவ்ளோதான். பாட்டு, அடி, குதி எல்லாத்துக்கும் அதையேதான் பங்கு போடணும், அதனால ஒரு சத்தம் வந்தா பாட்டுல ஒரு குரல் அந்த நொடி வாயை மூடிக்கும். யாரோ ஒருத்தர் சாவி எடுத்திருக்காரு, அதைக் காசு குடுத்து நான் வாங்கியிருக்கேன்.

அப்புறம் ஒரு வெறியில தட்டை ரெக்கார்ட் பண்ணி கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டிங்கிற மென்பொருள்ல ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ல எவ்ளோ சத்தம்னு காட்டுற படம்) போட்டுப் பாத்தேன், 16 கிலோஹெர்ட்ஸ்க்கு மேல பாட்டே இல்ல, கத்திரி வெச்சு வெட்டின மாதிரி நேர்க்கோடு, அதுக்கு மேல ஊசி உரசுற இரைச்சல் மட்டும்தான். 128 கேபிபிஎஸ் எம்பி3 பெரும்பாலும் விட்டுட்டுப் போற தடம் அது. ரெண்டு தட்டுல வரவேண்டியதை ஒண்ணுல திணிச்சதால ஒரு பக்கத்துக்கு 31 நிமிஷம் ஓடுது. 33 ஸ்பீடுல ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தி ரெண்டு நிமிஷம்தான் சவுகரியம், அதுக்கு மேல போனா பள்ளங்களை நெருக்கி வெட்டணும், சத்தத்தைக் கொறைக்கணும், பேஸ் சுருங்கும். என் தட்டுல வால்யூமை எவ்ளோ ஏத்தினாலும் பக்கத்து ரூம்ல யாரோ கேக்குற மாதிரிதான் இருக்கு.

கடைசியா பாத்தேன், மொதல்ல பாத்திருக்க வேண்டியதை. லேபிளை ஒட்டி பாட்டு இல்லாத வழவழ வளையம் இருக்கும்ல, ரன்-அவுட், அங்கதான் மேட்ரிக்ஸ் நம்பர் இருக்கும். ஒழுங்கான தட்டுல கேட்டலாக் நம்பர், பக்கம், பல நேரம் அடிச்ச ஃபேக்டரியோட குறி, வெட்டின இன்ஜினியரோட கையெழுத்துகூட இருக்கும். என்னோடதுல நாலு எழுத்தும் மூணு நம்பரும் ஆணியால கீறின மாதிரி. லேபிள்ல கேம் கம்பெனி பேரு இல்ல, உரிமம் யார்கிட்ட வாங்கினதுன்னு ஒரு வரி இல்ல, வருஷம் இல்ல. இசையமைச்சவர் பேருகூட இல்ல! எதுக்காக இந்தத் தட்டுங்களை வாங்குறேன்னு மேல அவ்ளோ பேசினேனோ அதுவே இல்ல.

விற்கிறவன்கிட்ட கேட்டேன். மொத பதில், உங்க ஊசி தேஞ்சிருக்கும். ரெண்டாவது பதில், கலர் பிரஸ்ஸிங்ல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும் (முன்ன பின்னன்னா சிவப்பும் வெள்ளையும் கலந்தது கருப்பாவா?). ரெண்டாவது தட்டு எங்கடான்னா தனியா வருதுன்னான். அந்த சாவி சத்தத்தை மட்டும் வெட்டி அனுப்பினேன், இது என்னன்னு கேட்டேன், அத்தோட ஆளு என்னை பிளாக் பண்ணிட்டான். பதிவும் காணோம். பேபால்ல கேட்டா நண்பருக்கு அனுப்பினதுக்கு நாங்க எப்படி தம்பி பொறுப்புங்கிற மாதிரி ஒரு பதில், அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, நண்பர்னு டிக் அடிச்சது நான்தான்.

இனிமே நான் எப்படி வாங்குவேன்னு சொல்றேன், எடுத்துக்கிறவங்க எடுத்துக்கோங்க. ஒரு தட்டைப் பாத்ததும் மொதல்ல அதை வெளியிட்டது யாருன்னு பேரு தேடுவேன். லேஸ்ட், ஐஆம்8பிட், பிளாக் ஸ்க்ரீன், பிரேவ் வேவ் மாதிரி உரிமம் வாங்கிப் போடுற ஆளுங்களுக்கு சொந்தப் பக்கம் இருக்கும், அங்க அந்தத் தட்டு இருக்கணும். பேரே இல்லாம "ஐரோப்பிய இறக்குமதி"ன்னு மொட்டையா இருந்தா அது பூட்லெக்தான் (உரிமம் இல்லாம அடிச்ச தட்டு), எனக்கு அதுல இப்ப சந்தேகமே இல்ல. ரெக்கார்டுங்களைப் பட்டியல் போட்டு விக்கிற டிஸ்காக்ஸ் தளத்துல தேடுங்க, அன்அஃபிஷியல்னு குறிச்சிருந்தா அதை அந்தத் தளத்துல விக்கவே விட மாட்டாங்க, அதுவே பெரிய சேதி. நின்டெண்டோ கேம் பாட்டுன்னா இன்னும் பத்து தடவை யோசிங்க, அவங்க வினைலுக்கு உரிமம் குடுக்கிறது ரொம்ப அபூர்வம், அதனாலதான் அந்தப் பக்கம் போலி இவ்ளோ குவிஞ்சு கெடக்கு. லேத் கட்னு போட்டிருந்தா அது அச்சடிச்ச தட்டு இல்ல, ஒவ்வொண்ணா மெஷின்ல வெட்டுறது, சத்தம் சன்னமா இருக்கும், அதை மறைக்காம சொல்லி விக்கிறவங்களும் இருக்காங்க, மறைச்சு விக்கிறவன்தான் பிரச்சனை.

அதே சமயம் லேட்டாகுறதை வெச்சோ கம்ப்யூட்டர்ல வரைஞ்ச மாதிரிப் படத்தை வெச்சோ மட்டும் யாரையும் திருடன்னு சொல்லிடாதீங்க. முன்பதிவு எடுக்கும்போது தட்டு இன்னும் அடிச்சிருக்கவே மாட்டாங்க, நல்ல லேபிளும் வரைஞ்ச படம்தான் போடும். 2020 பிப்ரவரியில கலிஃபோர்னியாவுல லேக்கர் (பாட்டை மொதல்ல வெட்டுற மூலத்தட்டு) செய்யிற அப்போலோ ஃபேக்டரி எரிஞ்சு போச்சு, உலகத்துல அந்த வேலை செஞ்ச ரெண்டு இடத்துல ஒண்ணு அது, அதுக்கு மேல கொரோனா, நான் முன்பதிவு பண்ண ஒரு தட்டு ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சுதான் வந்துச்சு, வந்தது அசல்.

இன்னொரு கூத்து. அந்த ஆணிக்கீறல் எழுத்தை டிஸ்காக்ஸ்ல போட்டுத் தேடினேன், காசு அனுப்புறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் செலவு பண்ணி கேம் பேரைப் போட்டுத் தேடியிருந்தா அன்னைக்கே கெடைச்சிருக்கும், அன்அஃபிஷியல்னு ஏற்கெனவே யாரோ பதிஞ்சு வெச்சிருக்காங்க. கூட அவரோட காப்பியோட போட்டோவும். அதே ஸ்லீவ், அதே மடிப்புக் கோடு, பின்பக்கம் அதே பளபள ஸ்டிக்கர், பேனாவால 47/300.

உங்க யார்கிட்டயாவது இந்தத் தட்டு இருந்தா பின்பக்கம் திருப்பிப் பாத்து நம்பரை கமெண்ட்ல போடுங்க. 47ஆ இருந்தா நீங்க மூணாவது ஆளு.