கொத்தான் கொடி நம்பி வாங்க ஒரு நாட்டு மருந்துக் கடை

கடலூரில், தலைக்கு எண்ணெய் காய்ச்சக் கொத்தான் கொடி தேடி அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், பெரிய போர்டு எதுவும் இல்லாத ஒரு சின்ன நாட்டு மருந்துக் கடை. தாராளமாகப் போகலாம்.

முதலில் நான் ஏமாந்த கதை. போன வருடம் வேறொரு கடையில் "கொத்தான் பொடி" என்று கேட்டு வாங்கி, நல்லெண்ணெயில் காய்ச்சி ஒரு மாதம் தலைக்குத் தேய்த்தேன். அம்மா ஒருநாள் அந்த டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, இது முடக்கத்தான்டி, தோசை மாவுல கலக்குறது" என்றார். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் காதில் விழுகிறது, அவ்வளவுதான். முடக்கத்தான் மூட்டு வலிக்குச் சாப்பிடுகிற கீரை. கொத்தானோ இலை என்று சொல்லும்படி எதுவும் இல்லாத, நூல் நூலாகப் படரும் ஒட்டுண்ணிக் கொடி. மண்ணில்தான் முளைக்கும், ஆனால் ஒரு செடியைப் பற்றிக்கொண்டதும் அடிவேர் காய்ந்துவிடும், அப்புறம் உறிஞ்சு வேர்களைக் குத்தி அந்தச் செடியிடமிருந்தே உறிஞ்சித்தான் பிழைப்பு. கடலோர மணல்மேட்டுப் புதர்களிலும் முந்திரி மரங்களிலும் பார்த்திருப்பீர்கள். இதில் எதுவும் பொடியைப் பார்த்தால் தெரியாதே!

இந்தக் கடையில் பொடியே கிடையாது. காய்ந்த கொடியைச் சுருள் சுருளாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், கம்பி மாதிரி விறைப்பாக இருக்கிறது, கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். எனக்கு மிகவும் பிடித்தது கடைக்காரப் பெரியவரின் பேச்சுதான். "எதுக்கும்மா வேணும், தலைக்கா, உள்ளுக்கா?" என்று கேட்டார். தலைக்கு என்றதும் ஒரு கொடிச் சுருளை எடுத்தார். உள்ளுக்கு என்றால் சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் தர மாட்டாராம், கர்ப்பிணிகளுக்குக் கண்டிப்பாகக் கிடையாதாம். "எந்த மரத்துல எடுத்ததுங்க ஐயா?" என்று கேட்டேன். அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் எடுத்தது, அரளி, எருக்கு மேல் படர்ந்ததைத் தொடவே மாட்டோம் என்றார். சரியான பேச்சு. தொற்றிய செடியின் சாற்றைக் குடித்து வளர்கிற கொடிக்குள் அதன் நஞ்சும் ஏறலாம் இல்லையா?

100 கிராம் 60 ரூபாய். அதில் பாதியை நறுக்கி அரை லிட்டர் நல்லெண்ணெயில் போட்டு, சிறு தீயில், சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சி வடிகட்டினேன். வாரம் இரண்டு முறை என்று மூன்று மாதமாகத் தேய்க்கிறேன். முடி அடர்த்தியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், இத்தனை சீக்கிரம் அது தெரியவும் தெரியாது. தலை அரிப்பு குறைந்திருக்கிறது, எண்ணெய் தேய்த்ததாலேயே குறைந்ததோ என்னவோ. முன்னே தேய்த்ததை விட எனக்கு இது ஒத்துக்கொள்கிறது.

குறை என்றால், பழைய செய்தித்தாளில் மடித்துத் தருகிறார், என்றைக்குப் பறித்தது என்று எழுதித் தருவதில்லை. கேட்டால் வாயால் சொல்கிறார். ஒரு சின்னச் சீட்டு ஒட்டினால் எவ்வளவோ நன்றாக இருக்கும், அடுத்த முறை போகும்போது சொல்லத்தான் போகிறேன்.

மதியம் கடை சாத்தியிருக்கும், ஐந்து மணிக்கு மேல் போங்கள். கொடி தீர்ந்திருந்தால் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள், எனக்கு ஒரு வாரத்தில் எடுத்து வைத்தார்.