அடுப்புள்ள தங்குமிடம்: செயின்ட் ஜூட் மையங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் ஊரை விட்டுப் பெருநகர மருத்துவமனைக்கு வரும் பெற்றோர் முதலில் மருந்துச் செலவை நினைத்துத்தான் கலங்குகிறார்கள். ஆனால் மருந்துக்கு அரசுக் காப்பீடோ அறக்கட்டளையோ எப்படியாவது வழி கிடைத்துவிட்டாலும், மாதக்கணக்கில் எங்கே தங்குவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்கள் உண்டு. மும்பை பரேலில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் நோயாளிகளின் குடும்பங்கள் படுத்துறங்குவது அந்நகரத்தார் நெடுங்காலமாகப் பார்த்துவரும் காட்சி.

அந்த நகரத்தில்தான் 2006-இல் நிஹால் கவிரத்னே, சியாமா கவிரத்னே தம்பதியர், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகள் குடும்பத்தோடு தங்குவதற்காகச் செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். இப்போது சென்னை, வேலூர் உட்படப் பல நகரங்களில் இதன் மையங்கள் இயங்குகின்றன. (அமெரிக்காவில் இதே பெயரில் உள்ள புகழ்பெற்ற குழந்தைகள் மருத்துவமனை வேறு, இது வேறு.) தங்குவதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, வாராவாரம் மளிகைப் பொருள்கள், மருத்துவமனைக்குப் போய்வர வாகன வசதி, குழந்தைகளுக்குப் பாடம், பெற்றோருக்கு மனநல ஆலோசனை ஆகியவை கிடைக்கின்றன.

இவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது சமையலறை. கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்து ஏறிய பின், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குழந்தையின் இரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும்; அந்த நாட்களில் சாதாரண வயிற்றுப்போக்கே உயிருக்கு ஆபத்தாக முடியலாம் என்பதால், வெளிச்சாப்பாடு கூடாது, அப்போதே சமைத்ததைச் சூடாகக் கொடுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவார்கள். மருத்துவமனைப் பக்கத்து லாட்ஜ் ஒன்றிலோ, "அறையில் சமைக்கக்கூடாது" என்று வரவேற்பு மேசைக்கு மேலேயே எழுதி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே தங்கியிருந்த ஒரு தாய், "டாக்டர் வெளியில வாங்காதேங்கிறார், இவங்க உள்ள சமைக்காதேங்கிறாங்க, நான் எங்கே போய் கஞ்சி வைக்கிறது?" என்று கேட்டார். செயின்ட் ஜூட் மையங்களின் பொதுச் சமையலறையில் குடும்பங்கள் தத்தம் சமையலைத் தாமே செய்துகொள்கின்றன. வாய்ப்புண்ணால் எதையும் விழுங்க மறுக்கும் பிள்ளைக்கு, அதற்குப் பழகிய ரசத்தைக் குழையப் பிசைந்த சாதத்தில் ஊற்றிக் கொடுக்க முடிவது சிகிச்சையின் ஒரு பகுதியே. அதே நோயோடு போராடும் மற்றொரு பிள்ளையின் தாய் பக்கத்து அடுப்பில் நிற்பதால் கிடைக்கும் தெம்பு வேறு.

சுத்தம் குறித்த கட்டுப்பாடுகள் கடுமையானவை. புதிதாக வருபவர்களுக்கு இது கெடுபிடியாகத் தோன்றும். காரணம் தெரிந்தால் தோன்றாது.

குறை என்று பார்த்தால், சேரும் வழி குறுகலானது. நேரே போய்க் கதவைத் தட்டி இடம் கேட்க முடியாது. மருத்துவமனை பரிந்துரைக்க வேண்டும். முதன்முறையாகச் சிகிச்சைக்கு வரும், 15 வயதுக்குட்பட்ட, குணமாகும் வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கே முன்னுரிமை. இருக்கும் அறைகளைக் கொண்டு அதிகம் பேரைப் பிழைக்கவைக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது, அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆயினும் நோய் திரும்பி வந்த குழந்தையின் பெற்றோருக்கும் கூரை வேண்டும் அல்லவா? 1974-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பங்கள் தங்குவதற்கான முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறக்கப்பட்ட பிறகு பல நாடுகளில் இத்தகைய இல்லங்கள் பெருகின. நம் நாட்டிலோ தேவையோடு ஒப்பிட்டால் இருப்பவை மிகச் சில. அரசு மருத்துவமனைகள் தம் வளாகத்திலேயே அடுப்புடன் கூடிய விடுதிகளைக் கட்டுவதுதான் முறை என்பது என் எண்ணம்.

இடம் தேவைப்படுவோர் சேர்க்கை நாளன்றே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. அப்போதே இரயில் கட்டணச் சலுகைக்கான சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு.