நகரி ரக்பி முகாம்: பயிற்சியாளருக்கு முழு மதிப்பெண், நடத்தியவர்களுக்குப் பாதிகூட இல்லை

கோடை விடுமுறையில் ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் நடந்த ரக்பி பயிற்சி முகாமுக்கு என் மகளையும் தங்கை மகனையும் அனுப்பினேன். ஒருவருக்குக் கட்டணம் 1,200 ரூபாய், பனியன் உட்பட. அந்தப் பணம் பயிற்சியாளர் ஒருவருக்காகத் தகும். மற்ற எதற்கும் தகாது.

நான் விசைத்தறி வைத்திருப்பவன். இளவயதில் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்துத் திருவிழாக் கபடிகளில் பிடிப்பவனாக ஆடியவன். எனவே ஓடி வருபவனை மண்ணில் சாய்ப்பது பற்றி எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டு. ரக்பியைப் பற்றி எதுவும் தெரியாது. 2025 ஜூனில் முதல் ரக்பி பிரீமியர் லீக்கின் இறுதிப் போட்டியில் சென்னை புல்ஸ், டெல்லி ரெட்ஸை 41-0 என்று துவைத்தெடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. பிள்ளைகளுக்கு ஆசை பிடித்ததும் அன்றைக்குத்தான்.

பயிற்சியாளர் ஓர் அரசுத் துறை அணிக்காகப் பல ஆண்டுகள் ஹூக்கராக ஆடியவர். ஸ்க்ரம் என்னும் தள்ளுமுள்ளில் முன்வரிசையின் நடுவில் நிற்பவர் ஹூக்கர். இரண்டு கைகளையும் பக்கத்துத் தோழர்களின் தோளில் கட்டிக்கொண்டு, எதிரணியின் முழு எடையையும் கழுத்தில் வாங்கியபடி, காலால் பந்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தோள்பட்டை இரண்டாம் முறை கழன்றதும் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்திருக்கிறார். காது மடல்கள் இரண்டும் மடங்கித் தடித்திருக்கின்றன. மகள் முதல் நாளே அதைத்தான் கேட்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டே, "இது சம்பளத்தோடு வந்தது" என்றாராம். அந்தச் சம்பளமும் துறை வேலைக்குத்தான். நம் நாட்டில் ரக்பி ஆடியே குடும்பம் நடத்தியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய ஆட்டக்காரர்கள் பயிற்சி கொடுக்க வந்தால் பாதி நேரம் தங்கள் பழைய ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள். கபடியில் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். இவர் அப்படி இல்லை. முதல் சில நாள்கள் பந்தையே கண்ணில் காட்டவில்லை. விழக் கற்றுக்கொடுத்தார். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். கையை ஊன்றக் கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். பிறகு முழங்காலிட்டபடி ஒருவரை ஒருவர் சாய்ப்பது, அடுத்து நடந்து, கடைசியில்தான் ஓடி. பார்வை எதிராளியின் தொடையில் இருக்க வேண்டும், தோள்தான் மோத வேண்டும், தலை அவருடைய இடுப்புக்குப் பின்பக்கம் போய்விட வேண்டும். முன்பக்கம் மாட்டினால் முழங்கால் வந்து நெற்றியில் இடிக்கும். இந்த ஒன்றை மட்டும் அவர் அலுக்காமல் திருத்திக்கொண்டே இருந்தார். தெலுங்கில் கத்துவார், பிள்ளைகள் தமிழில் பதில் சொல்லும், யாருக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை.

கபடி ஆடிய பையன்களுக்குத்தான் சிரமம். நாங்கள் பிடித்தால் விசில் ஊதும்வரை விடமாட்டோம். ரக்பியில் சாய்த்தவுடன் பிடியை விட்டு எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிரணிக்குத் தண்டனை உதை கிடைக்கும். என் மருமகன் விடாப்பிடியாகக் கட்டிக்கொண்டே கிடந்தான். அவனைத் திட்டாமல், எதிராளியின் இடத்தில் படுக்க வைத்து, மேலே ஒருவனைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். மறுநாளிலிருந்து அவன் விட்டுவிட்டான்.

அவர் வாயில் அடிக்கடி வரும் பெயர் பென் கோலிங்ஸ். அணிக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ரக்பியில், இங்கிலாந்து அணிக்காக உலகத் தொடரில் 2,652 புள்ளிகள் எடுத்தவர். பிறகு இலங்கைக்கும் ஃபிஜிக்கும் பயிற்சியாளரானார். 2022-இல் கேப் டவுனில் ஃபிஜி எழுவர் உலகக் கோப்பையை வென்றது அவருடைய பயிற்சியில். நாங்கள் பார்த்த சென்னை புல்ஸும் அவர் கையில்தான் இருந்தது. கோலிங்ஸின் புள்ளிகளில் பாதிக்கு மேல் உதைத்தே எடுத்தவை என்று சொல்லி, எங்கள் பயிற்சியாளர் பந்தைத் தரையில் விட்டு அது எழும்போது உதைக்கும் டிராப் கிக்கைப் பழக்கினார். இப்போது என் தறிக் கொட்டகைச் சுவருக்கு மாலை நேரங்களில் நிம்மதி இல்லை.

அவரிடம் ஒரே குறை, ஹூக்கர் புத்தி. எழுவர் ஆட்டத்தில் ஸ்க்ரமுக்கு ஓர் அணியிலிருந்து மூன்று பேர்தான். அதைப் பழக்கப் போய் இத்தனை நேரமா?

நடத்தியவர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மைதானத்தில் ஜல்லிக்கற்கள் கிடந்தன, பயிற்சியாளரும் பிள்ளைகளும்தான் பொறுக்கினார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை. பத்திலிருந்து பதினான்கு வயதுக்கு நான்காம் எண் பந்து போதும். இருந்தவை எல்லாம் பெரியவர்களுக்கான ஐந்தாம் எண். மவுத்கார்டை விற்றார்களே தவிர, வெந்நீரில் போட்டு மென்மையானதும் கடித்துப் பல்லுக்குப் பொருத்த வேண்டும் என்று சொல்லவில்லை. மருமகன் அதை வாயில் வைத்தவுடன் குமட்டித் துப்பிவிட்டான். பனியன் கடைசி வாரத்தில் வந்தது.

முதலுதவிப் பெட்டியில் ஒரு வலி ஸ்ப்ரே மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "புத்தூர் பக்கத்தில்தானே இருக்கிறது" என்றார் பணம் வாங்குபவர். புத்தூர்க் கட்டில் எனக்கு நம்பிக்கை உண்டு, என் இடது கையே சாட்சி. ஆனால் அது எலும்புக்கு. ஒரு நாள் இரண்டு பையன்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவன் என் மருமகன். எழுந்து நின்று, "எனக்கு ஒன்றுமில்லை மாமா, ஆடுகிறேன்" என்றான். பணம் வாங்குபவரும் ஆடட்டும் என்றார். பயிற்சியாளர் ஒத்துக்கொள்ளவே இல்லை. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே வெளியே, அன்றைக்குத் திரும்ப வரக் கூடாது, அதுதான் விதி என்றார். திருத்தணிக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்டச் சொன்னார், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவனைக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தார். வீட்டில் அவன் அழுதான், தங்கை அவருக்கு ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்தனுப்பினாள்.

தசரா விடுமுறையில் அடுத்த முகாம் என்று ஏகாம்பரகுப்பம் ரயில் நிலையத்துக்கு எதிரே பேனர் கட்டியிருக்கிறார்கள். அதில் பயிற்சியாளர் யார் என்று போடவில்லை. அவர்தான் வருகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் கட்டுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். பந்தின் எண்ணை எடுத்துப் பாருங்கள். ரசீதை நாளைக்குத் தருகிறேன் என்பார்கள், அங்கேயே நின்று வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் வரவில்லை.