"கேஸ் ஷாக்" என்று சொல்லி வெறும் டப்பாவை மாட்டி விடுகிறார்கள், பார்த்து வாங்குங்கள்

ஸ்பிளெண்டர், பேஷன் மாதிரி பழைய நூறு சிசி வண்டி வைத்திருந்து, பின் ஷாக்கை, அதாவது குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரைக் குறைந்த செலவில் மாற்றலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஈரோட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் கேஸ் ஷாக் என்று சொல்லி என் தலையில் கட்டிய ஜோடியில் கேஸும் இல்லை, ஒழுங்கான ஆயிலும் இல்லை. பணம் போனது ஒருபக்கம் இருக்கட்டும். அதை நம்பி வீட்டம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திம்பம் மலையில் இறங்கினேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அதே கடையில் அதே பெட்டிகள் இன்றும் அடுக்கி இருக்கின்றன.

எங்கள் ஊர் கோபி பக்கம். வண்டி ஒன்றுதான், வேலை பல. விடிகாலையில் அப்பா பால் கேனைக் கட்டிக்கொண்டு இட்டேரித் தடத்தில் சொசைட்டிக்குப் போவார், அப்புறம் நான் வேலைக்கு எடுத்துப்போவேன், நோம்பி என்றால் தாளவாடியில் இருக்கும் மாமனார் வீடு வரைக்கும் அதே வண்டிதான். வலதுபக்க ஷாக்கில் ஆயில் கசிந்து, தண்டில் மண் அப்பிக்கொண்டிருந்தது. ஆயில் சீல் போய்விட்டது, இரண்டையும் ஜோடியாக மாற்றிவிடுங்கள் என்று ஊர் மெக்கானிக் சொன்னார். கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரில் சரக்கு இல்லை. அதனால்தான் ஈரோடு போனேன்.

கடைக்காரர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்ணா, இன்னும் ஆயில் ஷாக்கே போட்டுட்டு இருக்கறீங்க? கேஸ் போட்டுப் பாருங்ணா, மெத்தை மேல போற மாதிரி இருக்கும்" என்றார். காட்டியது பார்க்க அழகான பொருள்தான். தடித்த சிவப்பு ஸ்பிரிங், பல்சரில் வருவதுபோல் பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர், அதன் தலையில் ஒரு கறுப்பு மூடி. ஜோடி 2,800 ரூபாய், மாட்டிவிட 200. கம்பெனி ஜோடியே கிட்டத்தட்ட அந்த விலைதான் என்றேன். "அதுல கேஸ் வராதுங்ணா" என்று முடித்துவிட்டார்.

பில் கேட்டேன். பில் போட்டால் ஜிஎஸ்டி சேர்ந்து விலை ஏறும் என்று சொல்லி, எஸ்டிமேட் தாளில் "2 ஷாக் - 2,800" என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை. திரும்பக் கேட்டதற்கு, "நம்ம கடை எங்கீங்ணா ஓடிப் போயிரும்?" என்றார். போனில் ஸ்கேன் செய்துதான் பணம் கொடுத்தேன். இன்று கையில் இருக்கும் ஒரே உருப்படியான ஆதாரம் அதுதான். கழற்றிய பழைய ஷாக்குகளையும் "இரும்புக்குத்தாண்ணா போகும்" என்று அவரே எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

மாட்டியதும் கடைப் பையன் சீட்டைக் கையால் அமுக்கிக் காட்டினான். அசையவே இல்லை. "எவ்ளோ டைட்டு பாத்தீங்ளாண்ணா" என்றான். ஏமாற்று நடக்கும் இடமே இதுதான், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஷாக்கில் இரண்டு பொருள் இருக்கிறது. வெளியே தெரிகிற ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் குழாயில் ஆயிலும், ஓட்டை போட்ட ஒரு பிஸ்டனும் இருக்கும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எகிறும்போது, ஆயில் அந்தச் சின்ன ஓட்டைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், எகிறும் வேகம் அடங்குகிறது. வேகமாகக் குலுங்கும்போது ஆயில் நுரைத்துவிட்டால் இந்தப் பிடிப்பு போய்விடும். நுரைக்காமல் இருக்க அழுத்தத்தில் நைட்ரஜன் அடைப்பதைத்தான் கேஸ் ஷாக் என்கிறோம். கேஸ் ஷாக்கிலும் ஆயில் உண்டு. கையால் அமுக்கும்போது டைட்டாகத் தெரிவது ஸ்பிரிங் மட்டுமே. தடித்த கம்பியில் ஸ்பிரிங் சுற்றிவிட்டால் எந்தக் குப்பையும் கடை வாசலில் டைட்டாகத்தான் இருக்கும். உள்ளே ஆயில் வேலை செய்கிறதா என்பதை அது சொல்லாது.

முதல் வாரத்திலேயே தெரிந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டால் பின்சக்கரம் தரையை விட்டு எழவில்லை. சைடு ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்தது. பால் கேனோடு மேட்டில் நிறுத்தவே பயமாக இருக்கிறது என்றார் அப்பா. கடைக்குப் போன் செய்தால், புதுசு இல்லையா, செட் ஆகட்டும் என்ற பதில்தான் வந்தது.

தாளவாடியிலிருந்து திரும்பும்போதுதான் முழுசாகப் புரிந்தது. திம்பத்திலிருந்து பண்ணாரி வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் எடை முன்னால் போகும், பின்சக்கரத்தில் பாரம் குறையும். அந்த நேரத்தில் அமுங்கியிருந்த ஸ்பிரிங்கை அடக்க ஆளில்லை என்றால், பின்பக்கத்தையே தூக்கி எறியும். தார் பெயர்ந்த ஒரு வளைவில் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளி, பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளிப்போய் விழுந்தது. எதிரே கரும்பு லாரி ஏறிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, பின்னால துள்ளுதுங்க, நிறுத்துங்க" என்று வீட்டம்மா என் தோளை இறுக்கிப் பிடித்த பிடி இன்னும் நினைவில் இருக்கிறது. ஓரமாக நிறுத்தினேன். வலது ஷாக்கிலிருந்து ஆயில் வழிந்து, சக்கர ரிம் வரைக்கும் கறுப்பாக இறங்கியிருந்தது. அவளைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, முதல் கியரில் உருட்டிக்கொண்டே பண்ணாரி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் எங்கள் மெக்கானிக் கழற்றினார். ஷாக்கை வண்டியில் மாட்டும் மேல் புஷ்ஷின் (வளையத்தின்) ஓட்டை, அது நுழையும் வண்டியின் தண்டைவிடப் பெரியது. அந்த இடைவெளியில் தகரத்தை வெட்டிச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். அது தேய்ந்து, ஷாக் போல்ட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பட்டறையில் நின்ற இன்னொரு ஸ்பிளெண்டரோடு வைத்து அளந்தால், மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் உள்ள நீளம் 20 மில்லிமீட்டர் அதிகம். ஸ்டாண்ட் எட்டாதது அதனால்தான். நீளம் கூடினால் பின்பக்கம் எழும்பி, ஹேண்டில் திரும்பும் தன்மையும் செயினின் தொய்வும் மாறிவிடும் என்று விளக்கினார்.

அப்புறம் அந்தச் சிலிண்டர். பக்கத்து லேத் பட்டறை அண்ணனிடம் எடுத்துப் போனோம். அவர் முதலில் கறுப்பு மூடியைத் திருகினார். கேஸ் அடைக்கும் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் அலுமினியம். சிலிண்டரை ஷாக்கோடு பிடித்திருந்தது இரண்டு ஸ்குரூ, அவ்வளவுதான். கழற்றினால் கையோடு வந்துவிட்டது. ஷாக்குக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஊசி ஓட்டைகூட இல்லை. உள்ளே காலி. கவிழ்த்துத் தட்டியதும் வார்ப்பு மணல் கொஞ்சம் அவர் உள்ளங்கையில் கொட்டியது. சிவப்புப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தார், அடியில் பழைய கறுப்புப் பெயிண்டும் துருவும். குழாயின் வாயில் புதிதாக வெல்டிங் வைத்த தடம். யாரோ கழற்றிப் போட்ட பழைய ஷாக்கில் ஆயிலை ஊற்றி, வெல்டு வைத்து, பெயிண்ட் அடித்து, டப்பாவைத் தொங்கவிட்டு விற்றிருக்கிறார்கள். என்னுடைய பழைய ஷாக்குகளை ஏன் அவ்வளவு அக்கறையாக எடுத்து வைத்துக்கொண்டார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. (இதைப் பார்த்து யாரும் வீட்டில் ஷாக்கைப் பிரிக்கவோ அறுக்கவோ வேண்டாம். உண்மையான கேஸ் ஷாக் என்றால் அழுத்தம் வெடித்து ஆளை அடித்துவிடும்.)

எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணன் என்று கூப்பிட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷாக்குக்குக் கியாரண்டி கிடையாது, வெளியில் கழற்றினால் பொறுப்பில்லை, வேண்டுமானால் இன்னொரு ஜோடி மாற்றித் தருகிறேன் என்றார். அதே சிவப்பு ஜோடி. என் பழைய ஷாக்கையாவது கொடுங்கள் என்றேன், போய்விட்டது என்றார். பணம் தரவே மாட்டேன் என்றுவிட்டார்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பெட்டியில் அடைத்து விற்கும் பொருளில் தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். என் பெட்டியில் இருந்தது ஒரு பைக் படமும் "ஹெவி டியூட்டி" என்ற எழுத்தும்தான். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸும் அனுப்பியிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். இந்தத் தொகைக்கு இவ்வளவு அலைச்சலா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அந்த வளைவில் லாரி இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் விடுவதாக இல்லை.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஷாக்கில் கை வைக்கும் முன்னால் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். டயரில் காற்று அதிகமாக இருந்தாலே வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருந்தால் பின்பக்கம் ஆடும், பழி ஷாக் மேல் விழும். ஷாக்கின் அடியில் ஐந்து படி வைத்த ஒரு வளையம் இருக்கும். இரண்டு பேர் போகும்போது ஸ்பேனரால் ஒன்றிரண்டு படி ஏற்றிவிட்டாலே அடி தட்டுவது குறையும், அதற்குக் காலணா செலவில்லை. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ரப்பர் புஷ் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஆயில் கசிந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். இந்தச் சின்ன வண்டிகளின் ஷாக் பெரும்பாலும் வாயை மடித்து மூடியது, பிரித்து ரிப்பேர் செய்வதற்காகச் செய்ததே இல்லை. சரக்கு இல்லை என்றால் ஆர்டர் போட்டு நாலு நாள் காத்திருந்தாலும், உங்கள் மாடலின் பார்ட் நம்பரைச் சொல்லி கம்பெனி கவுண்டரிலேயே வாங்குங்கள். முஞ்சால் ஷோவா, எண்டூரன்ஸ், கேப்ரியல் எல்லாம் வண்டிக் கம்பெனிகளுக்கே ஷாக் கொடுப்பவர்கள். அவர்கள் பெயரில் வெளியில் வாங்கினாலும் பெட்டியில் முகவரியும் மாதமும் இருக்கிறதா என்று பாருங்கள், ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். வேறு வண்டியின் ஷாக் பொருந்தும் என்றால், பழையதைப் பக்கத்தில் வைத்து ஓட்டைக்கு ஓட்டை நீளத்தையும் புஷ் அளவையும் உங்கள் கண் முன்னால் டேப்பில் அளக்கச் சொல்லுங்கள். மாட்டியதும் சீட்டைப் பலமாக அமுக்கிச் சட்டென்று கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே ஆயில் வேலை செய்யவில்லை, அங்கேயே கழற்றச் சொல்லுங்கள். பழைய ஜோடியைக் கடையில் விட்டு வராதீர்கள், வீட்டில் துருப்பிடித்துக் கிடந்தாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே சிவப்பு ஸ்பிரிங், பக்கச் சிலிண்டர் வைத்த மலிவு ஜோடி வாங்கி மாட்டியிருப்பவர்கள், இன்றைக்கே அந்தக் கறுப்பு மூடியைத் திருகிப் பாருங்கள். அடியில் வால்வு இல்லாமல் வழவழவென்று இருந்தால், படம் எடுத்து வையுங்கள், பணம் அனுப்பிய விவரத்தையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை மாற்றும் வரைக்கும் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போக வேண்டாம்.