நாடகத் தட்டு ஓட்ட எல்பி120 போதுமா?

ஆடியோ-டெக்னிக்காவின் ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி ரெக்கார்ட் பிளேயரை இங்கே ஒரே ஒரு வேலைக்காக எடைபோட்டிருக்கிறேன். கொங்கு நாட்டு வீடுகளின் அட்டாலியில் இன்னும் கிடக்கும், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்கு நாடகத் தட்டுகளை மேலும் தேயவிடாமல் ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்ற இது உதவுமா என்பதுதான் கேள்வி. சினிமாப் பாட்டு எல்பி (பிறகு வந்த 33 சுற்று நீளத் தட்டு) கேட்பவர்களுக்கு வேறு விமர்சனங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

உதவும். ஆனால் பெட்டியைப் பிரித்த நிலையில் உதவாது. முள்ளை மாற்றியாக வேண்டும்.

கூட வரும் முள் எல்பிக்கானது, அதன் நுனி 0.3க்கு 0.7 மில். (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அரக்குத் தட்டின் வரிப்பள்ளம் அகலமானது, அதற்கு 3 மில் நுனி வேண்டும். மெல்லிய முள் பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் போய் உட்கார்ந்து, எண்பது தொண்ணூறு வருட அழுக்கை உழுது கொண்டிருக்கும். காதில் விழுவது பெரும்பாலும் இரைச்சல்தான், முள்ளும் சீக்கிரம் வீணாகிவிடும். கூட வரும் கார்ட்ரிட்ஜ் (முள்ளைப் பிடித்து அதன் அசைவை மின்னொலியாக்கும் துண்டு) விஎம்95 வரிசை, அதிலேயே 78க்கென்றே 3 மில் முள் தனியாக விற்கிறார்கள். பழையதை முன்பக்கமாக இழுத்துக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும், கார்ட்ரிட்ஜைத் தொட வேண்டியதில்லை. முள்கையின் அழுத்தத்தை மட்டும் அந்த முள்ளின் பெட்டியில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு மாற்றி வையுங்கள். எல்பி முள்ளுக்கு வைத்த எடையிலேயே விட்டால் சத்தம் அதிகமான இடங்களில் முள் துள்ளும். ஆக, பிளேயரின் விலையோடு இந்த முள்ளின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

78 சுற்றுக்குத் தனிப் பொத்தான் இல்லை. 33, 45 இரண்டையும் ஒருசேர அழுத்த வேண்டும். இது தெரியாமல் இயந்திரம் பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

இந்தப் பிளேயரின் பெரிய பலம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகோல். 8 சதவீத அளவிலும் 16 சதவீத அளவிலும் மேலே கீழே நகர்த்தலாம். நாடகத் தட்டுக்கு இது அவசியம். '78' என்று பேர்தானே ஒழிய, பழைய தட்டுகள் எல்லாமே சரியாக அந்த வேகத்தில் வெட்டப்பட்டவை அல்ல. வேகம் 6 சதவீதம் பிசகினால் சுருதி அரைக்கட்டை நகர்ந்துவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையில் பாடியதாகக் கேட்கும். ராஜபார்ட்டின் (கதாநாயக வேஷம்) கம்பீரம் போய்ச் சின்னப்பையன் குரலாகிவிடும்.

முதலில் தட்டுமேடை சரியான வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். 77 கோடுகள் சமமாக அடித்த காகித வட்டம் ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, சோக் போட்ட பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் ஓட்டுங்கள். நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். கோடுகள் நின்றது போலத் தெரிந்தால் வேகம் 77.92, அது போதும். எல்ஈடி பல்பில் இதைப் பார்க்காதீர்கள், பலவற்றில் மினுக்கலே இருக்காது.

அதன் பிறகு காது. பின்னணி ஹார்மோனியம் எந்தக் கட்டையில் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கினால் வேகம் தவறு என்று சந்தேகப்படலாம், தள்ளுகோலால் பக்கத்துக் கட்டையில் கொண்டுபோய் நிறுத்தலாம். ஆனால் ஒரே நடிகரின் எல்லாத் தட்டுகளையும் ஒரே கட்டைக்கு இழுத்துவிடுவது பெரிய தவறு. நாடகக்காரர் வாழ்க்கையில் கட்டை மாறுவதுதான் செய்தி. பாய்ஸ் கம்பெனியில் (சிறுவர்களே நடித்த நாடகக் குழு) ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்) கட்டிய பையனுக்கு மகரக்கட்டு வந்தால் (குரல் உடைந்தால்) அந்த வேஷம் அவனை விட்டுப் போய்விடும். சிலர் காமிக் பக்கம் போனார்கள், சிலர் வசன வேஷத்துக்கு மாறினார்கள், சிலர் வாத்தியாருக்கு உதவியாக நின்று பாடம் சொல்லிக்கொடுத்துக் கடைசியில் தாங்களே நாடகம் போட்டார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சபையில் சிறுவர்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தக் கம்பெனி கண்டது அப்படிப்பட்ட பாதை. அவர்கள் கம்பெனியில் பையனாகச் சேர்ந்த நம்ம சிங்காநல்லூர் எஸ்.வி. சகஸ்ரநாமம் (பிறப்பு 1913) 1950களில் சேவா ஸ்டேஜ் நாடகக் குழு அமைத்து இயக்குநராகவும் நின்றதும் அதே பாதைதான். மேடையில் நடந்தது அன்றைக்கே காற்றோடு போய்விட்டது. குரல் எந்த வயதில் எங்கே நின்றது என்பதற்குத் தட்டு ஒன்றுதான் சாட்சி, அதை நாமே திருத்திவிடக் கூடாது.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் தட்டு கிடைத்தவர்கள் இதில் இன்னும் கவனமாக இருங்கள். 1908இல் பிறந்து, சிறுமியாகவே மேடையேறி, நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஸ்பெஷல் நாடகங்களில் (பல ஊர் நடிகர்கள் அந்தந்த நாளுக்கென்று கூடி நடத்துபவை) பாடி, 1933இல் கிட்டப்பா 27 வயதில் மறைந்தபின் திரைக்கு வந்து, 1953இல் ஔவையாராக நின்ற குரல் அது. அத்தனை வருடத் தூரம் ஒரே வேகத் திருத்தத்துக்குள் அடங்காது.

அடுத்து, இயந்திரத்தின் பலவீனம். யூஎஸ்பி வழி வரும் ஒலி உள்ளே இருக்கும் பிரீஆம்ப்பை (முள்ளின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி) தாண்டித்தான் வருகிறது. அந்தப் பிரீஆம்ப் 1950களில் எல்பிக்கு வந்த ஆர்ஐஏஏ முறையில் ஒலியைச் சரிக்கட்டுகிறது, 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் குறைக்கிறது. எல்பியில் மேல் ஒலியைக் கூட்டிப் பதிவதால் அங்கே அது சரி. 1930களின் நாடகத் தட்டில் அப்படிக் கூட்டியிருக்க மாட்டார்கள். அதனால் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு பேசுவது போல வசனம் மங்கிப் போகும். ச, ஸ, த போன்ற எழுத்துகள் முதலில் அடிபடும். பாட்டுக்கு ஒப்பேற்றலாம், வசனத்துக்கு முடியாது. பதிந்த பிறகு ஆடாசிட்டி மாதிரி மென்பொருளில் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் படிப்படியாகத் தூக்கிவிடுங்கள். இரைச்சலும் கூடவே ஏறும், எந்த இடத்தில் வசனம் தெளிகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வழியும் உண்டு. பின்புறச் சுவிட்சை ஃபோனோவில் வைத்து (உள் பிரீஆம்ப் விலகிவிடும்), சரிக்கட்டலை மாற்றக்கூடிய வெளிப் பிரீஆம்ப் வழியாக எடுக்கலாம். யூஎஸ்பியில் ஒலி 16 பிட் நுணுக்கத்துக்கு மேல் போகாத எல்லையும் அதோடு போகும். தட்டு பத்துக்கு மேல் இருந்தால் இந்தச் செலவு தகும்.

இடது, வலது இரண்டையும் கலந்து மோனோவாக்க மறக்காதீர்கள். இந்தத் தட்டுகளில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. கலக்கும்போது மேல்கீழ் அசைவால் வரும் கரகரப்பில் ஒரு பங்கு தானாகவே அடிபட்டுப் போகும். முதலில் இதைச் செய்யுங்கள், அடுத்து 'டக் டக்' சத்தம் நீக்குங்கள், இரைச்சல் குறைப்பது கடைசி, அதுவும் கொஞ்சமாக. அதிகம் குறைத்தால் குரல் கிணற்றுக்குள் இருந்து வரும். கைபடாத மூலப் பதிவை எப்போதும் தனியாக வைத்திருங்கள்.

தட்டைக் கழுவுவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். ஸ்பிரிட் தொடவே கூடாது. ஆசாரிகள் மரத்துக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தான். தட்டும் அதே அரக்கு, துடைத்த இடம் கரைந்துவிடும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டருக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு போதும். லேபிளில் ஈரம் படாமல், மெல்லிய மயிர் பிரஷ்ஷால் வரி போகும் திசையிலேயே தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும்.

நடுத்துளை தேய்ந்த தட்டு எந்த இயந்திரத்திலும் இழுத்து இழுத்துப் பாடும். முள்கை இடவலமாக ஆடுவதைப் பார்த்துத் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஆட்டம் அடங்கும் இடத்தில் வையுங்கள். இரும்பு முள்ளில் ஆயிரம் தடவை ஓடிய தட்டுக்கு 2.5 அல்லது 3.5 மில் முள் இருந்தால் தேயாத சுவரைப் பிடிக்கும். இந்த வரிசையில் 3 மில் ஒன்றுதான் என்பது குறை.

சூட்கேஸ் போல மடிக்கும் மலிவுப் பிளேயரோடு ஒப்பிடவே வேண்டாம். வேகத்தை நகர்த்த முடியாத எதுவும் நாடகத் தட்டுக்கு ஆகாது. வானொலி நாடகம் தேடுபவர்களுக்கும் இது பயன்படாது. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம், 1966இல் வந்த கோவை நிலையம் இவற்றின் நாடகங்களை வீட்டில் யாராவது பிடித்து வைத்திருந்தால் அது ஸ்பூல் டேப்பிலோ கேசட்டிலோ இருக்கும், அதற்கு வேறு கருவி வேண்டும்.

பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். விடிய விடிய நடந்த நாடகத்தை அந்த மூன்று நிமிடத் துண்டுகளாக நறுக்கிச் செட்டாக விற்றார்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோப்பாகச் சேமித்து, கோப்பின் பெயரில் தட்டு எண், பக்கம், நாடகம், பாடியவர், ஓட்டிய வேகம் ஐந்தையும் எழுதுங்கள். லேபிளுக்கு வெளியே அரக்கிலேயே பொறித்திருக்கும் சின்ன எண்ணையும் சேருங்கள். அது பதிவு எண், லேபிள் கிழிந்த தட்டை அடையாளம் காண அதுதான் உதவும். பல தட்டுகளில் தலைமை நடிகரின் பெயருக்குப் பின்னால் 'பார்ட்டி' என்று மட்டும் போட்டிருக்கும். உள்ளே பேசும் பபூன் (கோமாளி) யார், ஸ்திரீபார்ட் யார் என்று வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால், இப்போதே கேட்டு அந்தக் கோப்போடு எழுதி வையுங்கள்.