கண்ணுக்கு எதற்கு நாற்காலி?

இருபத்திரண்டு ஆண்டு லண்டன் வாழ்க்கையில் என் கால்களைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இந்த மே மாதம் ஊருக்கு வந்து விமானத்தை விட்டு இறங்கிய மறு நிமிடமே அவற்றின் மேல் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

“உட்காருங்கள் சார்” என்றது ஓர் இளைஞரின் குரல். முழங்காலின் பின்பக்கம் இரும்பு இடித்தது. சக்கர நாற்காலி.

“தம்பி, எனக்குக் கண்தான் தெரியாது. உங்கள் முழங்கையைக் கொடுங்கள், பிடித்துக்கொண்டு நடந்து வருகிறேன்.”

“லிஸ்டில் வீல்சேர் என்றுதான் சார் இருக்கிறது.”

டிக்கெட் எடுக்கும்போதே சொல்லியிருந்தேன். பார்வையற்ற பயணிக்கு விமானத் துறையில் ‘பிஎல்என்டி’ என்று தனிக் குறியீடே உண்டு. படியேற முடியும், தொலைவு நடக்க முடியாது என்பவருக்குத்தான் ‘டபிள்யூசிஎச்ஆர்’. வரும் வழியில் யாரோ ஒருவர் என் கண்ணைக் காலாக்கிவிட்டார்.

மேற்பார்வையாளர் வந்தார். என்னைத் தாண்டி அந்தத் தம்பியிடம் கேட்டார்: “சார் தனியாகவா வந்திருக்கிறார்?” சார் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்! லண்டனிலும் ஒருமுறை நாற்காலியை நீட்டியிருக்கிறார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். இங்கே அப்போதுதான் தொடங்குகிறது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொன்னேன். மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை 2012-இல் விமானத்திலிருந்து இறக்கிவிட்டதற்காக 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்ததையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “அதெல்லாம் சரி சார். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டால் எல்லோருக்கும் சுலபம்.”

இருபது நிமிடம் போனது. எனக்குப் பின்னால் இறங்கிய பாட்டிமார்கள்கூடக் கடந்து போய்விட்டார்கள். நான் விழுந்துவிட்டால் தன் வேலை போய்விடும் என்று அந்தத் தம்பி தாழ்ந்த குரலில் சொன்னபோது எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. கடைசியில் ஓர் உடன்பாடு: என் கைப்பை நாற்காலியில் ஏறியது, தம்பி தள்ள, நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெளியே நின்றிருந்த அக்கா நாற்காலியைப் பார்த்ததும் அலறிவிட்டாள். “காலுக்கு என்னடா ஆயிற்று?”

அதற்குப் பதில் சொல்லியே அந்த வாரம் கழிந்தது. ஊரில் சாலையைக் கடப்பது பற்றி எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியாததா!

பிறகு ரயிலில் சென்னை. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதைக்குப் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியதும், பின்பு சரிசெய்ததும் செய்தியாகப் படித்ததுதான். சிறு வயதில் அப்பா தோளில் தூக்கிக்கொண்டுதான் என்னை அலைவரை கொண்டுபோவார். மணலில் கோல் புதையும், எதையும் சொல்லாது; கடலின் இரைச்சலோ எல்லாப் பக்கமும் இருக்கும், திசை காட்டாது. வளர்ந்த பிறகு சுண்டல் விற்கும் இடத்தோடு நின்றுகொள்வேன்.

பாதையின் தொடக்கத்தில் யாரோ ஒருவர் கேட்டார்: “நாற்காலி வேண்டுமா அண்ணா, நடந்தே போகிறீர்களா?”

“நடக்கிறேன்” என்றேன். “சரி” என்றார். அவ்வளவுதான். அக்கா மகன் கைப்பேசியோடு பின்னால் வந்தான். கோல் பலகைகளில் டக் டக் என்று தட்டியது, பக்கத்தில் கைப்பிடி, வெயில் தாழ்ந்த காற்று, எங்கிருந்தோ மிளகாய் தூவிய மாங்காய் வாசம். ஏறத்தாழ 260 மீட்டர், யார் தோளும் இல்லாமல்.

பாதை முடிந்தும் அலை சற்றுத் தள்ளியே இருந்தது. “இனி மணல்தான் மாமா” என்றான். கோலை மடக்கிப் பையில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.