சிவப்புக் குழாய்க்கு மாற்று எது? வங்கதேசத்தின் ஆர்செனிக் நீர்: ஓர் ஒப்பீடு

குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்குக்குக் குழந்தைகள் பலியாவதைத் தடுக்க, 1970களில் யுனிசெஃப் முதலிய அமைப்புகளின் ஊக்கத்தோடு வங்கதேசக் கிராமங்களில் குழாய்க்கிணறுகள் பெருகின. அந்த நீரில் ஆர்செனிக் கலந்திருப்பது 1993இல்தான் அங்கே கண்டறியப்பட்டது. 1998–99இல் நடந்த ஆய்வில், 150 மீட்டருக்கும் ஆழம் குறைந்த கிணறுகளில் 27 விழுக்காடு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தன. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்போ 10 மட்டுமே. நிறத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாத இந்த நஞ்சு, நீரைக் காய்ச்சினாலும் நீங்காது.

மிகவும் மலிவான வழி, ஆர்செனிக் குறைந்த வேறொரு கிணற்றுக்கு மாறுவது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, வரம்பு மீறியவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. சில பத்து மீட்டர் தொலைவுக்குள்ளேயே ஆர்செனிக்கின் அளவு வெகுவாக மாறுவதால், சிவப்புக் குழாய் உள்ள வீட்டுக்கு அருகிலேயே பச்சைக் குழாய் கிடைப்பதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் அடுத்தவர் வீட்டு முற்றத்தில் இருக்கும். அங்கே தினமும் குடத்தோடு போய் நிற்க வேண்டியவர் சிவப்புக் குழாய் உள்ள வீட்டுப் பெண் என்பதைத் திட்டமிடுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

நீரின் தரத்தை மட்டும் பார்த்தால் ஆழ்குழாய்க் கிணற்றுக்கே என் வாக்கு. மேற்சொன்ன ஆய்வில் 150 மீட்டருக்குக் கீழே சென்ற கிணறுகளில் சுமார் ஒரு விழுக்காடே வரம்பை மீறின. தனிக் குடும்பத்தால் தாங்க முடியாத செலவு என்பதால் இதை அரசுதான் தோண்டித் தர வேண்டும்; இடத்தேர்வில் அரசியல்வாதிகளின் தலையீடு இருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2016இல் அம்பலப்படுத்தியது. குறை மண்ணடுக்கில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது.

வேதியியலாளர் அபுல் ஹுசாம் உருவாக்கி, 2007இல் 10 லட்சம் டாலர் கிரெயிஞ்சர் பரிசு பெற்ற, ஆர்செனிக்கை நீக்கும் சோனோ வடிகட்டி, இரும்புக் கலவை, மணல், கரி ஆகியவற்றால் மின்சாரமின்றி இயங்குகிறது. திறமையான கருவிதான், எனினும் அதன் இரும்புக் கலவை எப்போது செயலிழக்கிறது என்பதைச் சோதனையின்றி வீட்டார் அறிய வழியில்லை. ஆகவே அருகில் பச்சைக் குழாயும் ஆழ்குழாயும் இல்லாத இடத்தில், அதுவும் முறையாகச் சோதிக்க ஆளிருந்தால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

உறைகிணறும் மணல் வடிகட்டியிட்ட குளத்து நீரும் ஆர்செனிக்கில் குறைந்தவை. ஆனால் கிருமிகளைக் கவனமாக நீக்காவிட்டால், எந்த நோய்க்கு அஞ்சிக் குழாய் போட்டார்களோ அதே நோய் திரும்ப வரும். மழைநீருக்கு அந்தக் கவலை குறைவு; ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களைக் கடக்கப் போதுமான தொட்டி எளிய வீடுகளில் இருப்பதில்லை.